கப்பல் நாளில் வெள்ளை ஆகாது

கப்பல் வருகிற நாளில் அந்தத் தீவின் கிழக்குச் சரிவில் வெள்ளையாக எதுவும் கடலைப் பார்த்து இருக்கக் கூடாது. காயப்போட்ட சட்டை, தலையணை உறை, கழுவிக் கவிழ்த்த பீங்கான் தட்டு, எதுவானாலும் வீட்டுக்குப் பின்பக்கம் போய்விட வேண்டும். வெள்ளைக் கோழி வளர்ப்பவர்கள் அன்று கோழியைக் கூடை போட்டு மூட வேண்டும். வெள்ளை ஆடு வைத்திருந்தவர் ஒருவர் தொல்லை தாங்காமல் அதை மேற்குக் கரையில் தன் சம்பந்தி வீட்டுக்கே அனுப்பிவிட்டார்.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒருத்தி இருந்தாள். ஊரார் அவளுக்கு வைத்த பெயர் வெள்ளைக்காரி. விறகடுப்பில் நாள் முழுக்க இருந்த சட்டியின் நிறம் அவளுக்கு. முதன்முதலாக அந்தப் பெயரைக் கேட்கிறவர்கள் அவளைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவள் கண்டுகொள்ள மாட்டாள். கப்பலின் புகை தெரிந்ததும் தலையில் கருநீலத் துணியைக் கட்டிக்கொண்டு கரையோரம் கிளம்பிவிடுவாள். முடி நரைத்துப்போனதால், தன் தலையே தப்புச் செய்துவிடக் கூடாது என்று அந்தக் கட்டு.

"யாரு வீட்டுப் போர்வை அது? கண்ணு இல்லையா உங்களுக்கு? கப்பலைப் பாறையில ஏத்தவா காயப்போட்டிருக்கீங்க?"

அவள் குரல் அப்படி. கரையின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் இருக்கிற போர்வையை இறக்கிவிடும்.

"அக்கா, என் பல்லு வெள்ளையா இருக்கே, அதை என்ன செய்ய?" என்று கடைக்காரர் வம்புக்கு இழுப்பார்.

"வாயை மூடிக்க. கடைக்கு வர்றவங்களுக்கும் நிம்மதி."

இவ்வளவு கெடுபிடி எதற்கென்றால், அந்தத் தீவில் துறைமுகம் கிடையாது. கடலுக்கு நடுவே ஒரு தூணை நட்டுவைத்த மாதிரி செங்குத்தாக எழும்பி நிற்கிற தீவு அது. கரையை விட்டுக் கொஞ்சம் விலகினாலே அடி தெரியாத ஆழம். அங்கே நங்கூரத்தை இறக்கினால், கயிறு போதாத வாளி கிணற்றுக்குள் தொங்குவதுபோலத் தொங்கும். கரையை ஒட்டி வந்தாலோ பவளப்பாறை. கப்பலின் வயிற்றைக் கிழித்துவிடும். இரண்டுக்கும் நடுவில், கிழக்குப் பக்கத்தில் மட்டும், ஒரு பள்ளிக்கூட மைதானம் அளவுக்கு மணல்திட்டு உண்டு. நங்கூரம் அங்கே விழுந்தால்தான் பிடிக்கும்.

அந்த மணலை எப்படிக் கண்டுபிடிப்பது? கப்பலில் எந்திரங்கள் உண்டுதான். ஆனால் தீவைக் கடல்படத்தில் வரைந்தவர்கள் பழைய காலத்து ஆட்கள். தீவு இருக்கிற இடம் ஒன்று, படத்தில் இருக்கிற இடம் ஒன்று. படத்தை நம்பி வந்தால் கப்பல் ஊருக்குள்ளேயே வந்து நிற்கும் என்று கேலி பேசுவார்கள். அதனால் இரண்டு தூண்களைக் கட்டிவைத்தார்கள். ஒன்று கடற்கரையில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. இன்னொன்று பின்னால் மலைச்சரிவில், அதைவிட உயரமாக. இரண்டும் வெள்ளை. கடலிலிருந்து வருகிறவர் கண்ணுக்கு மேல்தூண் கீழ்த்தூணின் தலைமேல் சரியாக ஏறி நிற்கிற கோட்டைப் பிடித்து வந்தால், அந்தக் கோடு மணல்திட்டின் நடுவே கொண்டுவந்து விடும். கோட்டைவிட்டு விலகினால் பாறை.

தூண்களைக் கட்டியவர் வெள்ளைக்காரியின் மாமனாருடைய தாய்மாமன். அவருக்குப் பிள்ளை இல்லை. வெள்ளையடிக்கிற மட்டையை அக்கா மகன் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். அக்கா மகன் தன் மூத்தவனிடம் கொடுத்தார். அந்த மூத்தவனுக்குத்தான் இவள் வாழ்க்கைப்பட்டாள். மகன் தத்தித் தத்தி நடக்கிற வயதில் காய்ச்சல் அந்த மனிதரைக் கொண்டுபோய்விட்டது. அதற்கப்புறம் மட்டையை யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை. சுண்ணாம்பு வாளி வாசலில் சும்மா கிடந்தது, இவள் எடுத்துக்கொண்டாள். ஊரில் யாரும் 'நீயா?' என்று கேட்கவில்லை.

கீழ்த்தூணுக்குச் சின்னவன் என்றும் மேல்தூணுக்குப் பெரியவன் என்றும் வீட்டில் பெயர். பெரியவன் மழையை முதலில் வாங்கிக்கொள்கிறவன். பாசி பிடித்துச் சீக்கிரம் கறுத்துப்போவான். சின்னவனுக்கு உப்புக்காற்று, தோல் தோலாக உரிவான். சுண்ணாம்பைக் குழைத்து வாளியில் எடுத்துக்கொண்டு சின்னவனில் ஆரம்பித்து, தன் வீட்டு வழியாக மேலே ஏறி, பெரியவனில் முடிப்பாள். அவள் வீடு இரண்டுக்கும் இடையில், பாதையிலிருந்து கொஞ்சம் ஒதுங்கி இருந்தது. சுண்ணாம்பு தின்று அவள் உள்ளங்கை வெடிப்பு விட்டுக் கிடக்கும். வேலையின்போது தூண்களோடு பேசுவாள். "ஏன்டா, போன தடவை அடிச்சது எங்கடா? எல்லாத்தையும் கடலுக்குக் கொடுத்துட்டியா?" என்று சின்னவனைத் திட்டுவது கடைவரைக்கும் கேட்கும்.

இத்தனை செய்தவள், அந்தத் தூண்களைக் கடலிலிருந்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. படகு அவளுக்கு ஆகாது. கல்யாணமான புதிதில் புருஷன் ஆசையாகக் கைபிடித்துப் படகில் உட்கார வைத்தார். உட்கார்ந்த மாத்திரத்தில் குடலைப் புரட்டிக்கொண்டு வந்துவிட்டது. படகோ இன்னும் அவிழ்க்கப்படவே இல்லை. முளையில் கட்டித்தான் கிடந்தது. இதைக் கூட இருந்து பார்த்தவன் புருஷனின் சித்தப்பா மகன், படகுக்காரன். எதையும் ஆற அமரச் செய்கிறவன் என்பதால் அவனுக்கு ஊரில் அவசரம் என்று பெயர். படகு விடுவதில் காட்டாத வேகத்தையெல்லாம் இந்தக் கதையைச் சொல்வதில் காட்டுவான்.

அதனால் கரைக்கு வருகிற கப்பல்காரர்களிடம் அவள் கேட்டுப் பார்ப்பாள்.

"ரெண்டும் எப்படித் தெரியுது தம்பி?"

"நல்லாத் தெரியுதும்மா. ரெண்டும் ஒண்ணாயிடும்."

"எப்படி ஒண்ணாகும்? நடுவுல எவ்வளவு மேடு, தோட்டம், என் வீடு வேற இருக்கு."

"அங்கேருந்து பார்த்தா உங்க வீடெல்லாம் இல்லைம்மா. தூண் ரெண்டுதான்."

வீடு இல்லை என்று சொன்னது அவளுக்குப் பிடிக்கவில்லை. மற்றதையும் அவள் முழுசாக நம்பவில்லை. நிழல் விழுந்தால் ஊரே குளிர்ந்துவிடுகிற அளவுக்குப் பெரிய கப்பல்; அதை ஒரு வாளிச் சுண்ணாம்பு பிடித்து நிறுத்துகிறது என்றால் யாருக்குத்தான் தொண்டையில் இறங்கும்? வயசான மனுஷியைச் சந்தோஷப்படுத்தச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள். அப்படி நினைத்தாலும் மட்டையைக் கீழே வைக்கவில்லை.

மகன் வளர்ந்து, ஊருக்கு மின்சாரம் கொடுக்கிற எந்திரத்தைப் பார்த்துக்கொள்கிற வேலையில் சேர்ந்தான். நல்ல பிள்ளை. எந்திரம் தவிர எதைத் தொட்டாலும் கை நடுங்கும். அவனுக்கு மேற்குக் கரையிலிருந்து பெண் எடுத்தார்கள். தாய் இல்லாத பெண். அப்பா தையல்காரர், தையல் எந்திரத்தின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்ததால் வாய் ஓயாது. வந்த மாதமே ஒரு கப்பல் நாளில் வெள்ளைப் பாவாடையை வாசல் கொடியில் போட்டுவிட்டாள். மாமியார் அதை எடுத்து, அடுப்புக் கரியைக் கரைத்த தண்ணீரில் முக்கி, அதே கொடியில் திரும்பப் போட்டாள்.

"அத்தைக்கு நான் மருமக இல்லை. அந்தத் தூணு ரெண்டுந்தான் பிள்ளைங்க, நான் எடுபிடி" என்று மருமகள் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். கரிப்பாவாடையையே அடுத்த கப்பல் நாளில் உடுத்திக்கொண்டு மாமியார் கண்ணில் படுகிற மாதிரி நடந்தாள். இருவருக்கும் ஒத்துப்போக ஆரம்பித்தது அன்றுதான்.

மருமகள் உண்டானாள். நாள் நெருங்கும்போது நர்சம்மா வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு முகம் மாறினார். தீவில் அவர் ஒருவர்தான் வைத்தியம் தெரிந்தவர்.

"பிள்ளை குறுக்கே படுத்திருக்கு. இங்க வெச்சுப் பார்க்க முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும், அறுத்துத்தான் எடுக்கணும். லேட் பண்ணினா ரெண்டு உயிருக்கும் நான் பொறுப்பில்லை."

வழக்கமான கப்பல் வந்துபோய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அடுத்தது வர இன்னும் எத்தனையோ நாள். வயர்லெஸ்காரர் இரவும் பகலும் கூப்பிட்டுப் பார்த்து, அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த ஒரு சரக்குக் கப்பலைப் பிடித்தார். அதன் கேப்டன் இந்தத் தீவுக்கு வந்ததே இல்லை. ஆனாலும் மனுஷர். "வர்றேன். நங்கூரம் பிடிச்சா ஏத்திக்கிறேன். பிடிக்கலேன்னா நிக்க முடியாது, காத்து என்னைப் பாறைப்பக்கம் தள்ளிடும். திரும்பிப் போயிடுவேன், தப்பா நினைக்காதீங்க" என்றார். மறுநாள் பகலில் வருவதாகச் சொன்னார்.

அன்று அந்தி சாய்வதற்குள் வெள்ளைக்காரி இரண்டு தூண்களுக்கும் புதிதாக ஒரு பூச்சு கொடுத்தாள். சின்னவனைத் திட்டவில்லை. பெரியவனின் காலடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் கப்பல் தொடுவானத்தில் தெரிந்தபோது மருமகளுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. படுக்கை நனைந்தது. வெள்ளைக்காரி அதற்கு முன்பே கரையைச் சுற்றி வந்து எல்லா வெள்ளையையும் இறக்கியிருந்தாள். எப்போதும் கப்பல் நங்கூரம் போட்டுச் சங்கு ஊதின பிறகுதான் படகு கிளம்பும். அன்று நர்சம்மா கேட்கவில்லை.

"இப்பவே போய் நடுவுல காத்திருப்போம். கப்பல் நின்ன உடனே ஏத்தணும். கூட ஒருத்தர் வந்து இவளைப் பிடிச்சுக்கணும்."

மகன் முன்னால் வந்தான். அவன் கை நடுங்குவதை நர்சம்மா பார்த்தார். "நீ வந்தா உன்னையும் சேர்த்து நான்தான் பார்க்கணும். துணிமணியை எடுத்துக்கிட்டு அடுத்த நடையில வா" என்று நிறுத்திவிட்டார்.

மருமகள் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை வந்தாத்தான் ஏறுவேன்."

"எனக்குப் படகு ஆகாதும்மா."

"எனக்கு மட்டும் குறுக்கே படுத்த பிள்ளை ஆகுதா?"

வெள்ளைக்காரி தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படகில் ஏறினாள். அவசரம் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவசரமாக எந்திரத்தை முடுக்கினான்.

முதல் அலையிலேயே அவளுக்குப் புரட்டிக்கொண்டு வந்தது. ஒரு கையால் மருமகளின் தோளைப் பிடித்தபடி, படகின் விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வயிற்றில் இருந்தது, இல்லாதது எல்லாம் கடலுக்குப் போயிற்று.

"அண்ணி, இந்தத் தடவை படகை அவிழ்த்தாச்சு, அதையாவது ஒத்துக்க" என்றான் அவசரம்.

மருமகள் நர்சம்மாவின் மடியில் சாய்ந்து, கரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். வலி வந்து போகிற இடைவெளியில் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்: "அத்தை, இப்பப் பிள்ளை பெறப் போறது நானா, நீங்களா?"

இன்னொரு வலி வந்து போனது. அப்புறம் மருமகள் வேறு குரலில் சொன்னாள்:

"அத்தை. எப்பவும் ரெண்டுன்னுதானே சொல்வீங்க. மூணு தெரியுதே?"

வெள்ளைக்காரி கண்ணைத் திறந்தாள்.

முதலில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தான் பிறந்து வளர்ந்து, மேலும் கீழுமாக ஏறி இறங்கிக் கால் தேய்ந்த மண் எங்கே போயிற்று? எதிரே பச்சையாக ஒரே ஒரு உருவம் கடலிலிருந்து எழுந்து மேகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றது. கடை இல்லை, பாதை இல்லை, வேலி இல்லை. அவள் வீடு இல்லை. கப்பல்காரப் பையன் சொன்னது சத்தியம். அத்தனை பெரிய பச்சைக்கு நடுவில் மனுஷன் செய்தது என்று சொல்ல, கடலோரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டுத்தான் முதலில் கண்ணில் பட்டது. சின்னவன்! அவள் நேற்று தடவிக்கொடுத்த சின்னவன் பல் முளைத்த மாதிரிப் பளிச்சென்று நின்றான். குமட்டல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

பெரியவனைத் தேடினாள். மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. அதன் நிழலுக்குள் சாம்பல் நிறமாக, இருக்கிறானா இல்லையா என்கிற மாதிரி நின்றான். அவனுக்கு இடதுபக்கம், கொஞ்சம் கீழே, நல்ல வெயிலில், அவனைவிடப் பெரிதாக, அவனைவிட வெள்ளையாக, இன்னொன்று பளபளத்தது.

அது அவள் வீட்டுக்கு மேலே இருந்த புதர். அதன்மேல் விரித்திருந்தது அவள் வீட்டுப் படுக்கை விரிப்பு. ஊர் முழுக்க அவள் இறக்கிவிட்டாள். தன் வீட்டை யார் பார்ப்பது? பெண்டாட்டி நனைத்த விரிப்பை, பதற்றத்தில் கப்பலை மறந்து, தன்னாலான உதவியாக, பிறந்ததிலிருந்து ஒரு துணியும் துவைத்தறியாத மகன் துவைத்து, வெயில் நன்றாக விழுகிற இடமாகப் பார்த்துக் காயப்போட்டிருக்கிறான். துவைக்கிறவர்களுக்குத் தெரியும், துணி வீட்டின் எந்தப் பக்கம் போகும் என்று. அவன் கொடியின் பக்கம் போனவனே இல்லையே.

கரையில் நிற்கிறவர் யாருக்கும் அது ஒரு விரிப்பு. கடலில் இருந்து பார்த்தால் மட்டும் அது தூண்.

அவள் மெல்லத் திரும்பிக் கப்பலைப் பார்த்தாள். அது ஏற்கெனவே கிட்டே வந்துவிட்டது. கறுப்பும் செம்மையுமாக ஒரு மலைச்சுவர் தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்தது. புது கேப்டனுக்கு வயர்லெஸ்காரர் சொல்லியிருந்ததெல்லாம் இரண்டு வெள்ளையை ஒன்றாக்கு என்பதுதான். அவர் கண்ணுக்குப் பட்ட இரண்டை ஒன்றாக்கிக்கொண்டு நேராக வந்துகொண்டிருந்தார். அந்தக் கோடு எங்கே போகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வலப்பக்கம் பாறை இருந்த இடத்தில் கடல் பழுப்பாக முனகிக்கொண்டிருந்தது.

"அவசரம்! படகைத் திருப்பு! சின்னவன் தலைக்கு நேரா பெரியவன் வர்ற இடத்துக்குப் போ."

"பெரியவன் எங்க அண்ணி, கண்ணுக்கே தெரியலையே."

"எனக்குத் தெரியும். நேத்துத்தான் அவன் காலடியில உட்கார்ந்திருந்தேன். நான் சொல்ற பக்கம் ஓட்டு. இடது... இன்னும் இடது... இன்னும் கொஞ்சம்..."

அவன் திருப்பினான். அப்போது நடந்ததை அவள் சாகும்வரை மறக்கப்போவதில்லை. படகு நகர நகர, மலைமேல் இருந்த பெரியவனும் நகர்ந்தான். அசையாத கல், அவள் கையாலேயே எத்தனையோ தடவை தட்டிப் பார்த்த கல். அது பொடிநடையாகத் தம்பியைத் தேடிச் சரிவில் நடந்து வந்தது. வந்து தம்பியின் தலைக்குப் பின்னால் நின்றது. இரண்டும் ஒன்றாயின. ஒரே வெள்ளை, மேலும் கீழுமாக, வானத்துக்கும் கடலுக்கும் கட்டின கயிறு மாதிரி.

"நிறுத்து!" என்றாள். "இதுதான். இங்கேயே நில்லு."

அவள் எழுந்து நின்றாள். கட்டின படகிலேயே உட்கார முடியாதவள் ஆடுகிற படகில் எழுந்து நின்றாள். நர்சம்மா அவள் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். தலைத்துணியை உருவிக் கையில் பிடித்துக்கொண்டாள். நரைமுடி காற்றில் பறந்தது. ஊரையே அடக்குகிற அந்தக் குரலை எடுத்தாள்.

"ஏய்ய்! இங்க! இங்க வா! அது துணி! அது தூண் இல்லை, துணி!"

கப்பலிலிருந்து ஒலிபெருக்கி கரகரத்தது. "படகு! பாதையை விட்டு விலகிப் போங்க!"

"நான் விலக மாட்டேன்! நீதான் பாதையை விட்டு விலகி வர்றே! பாறைக்குப் போறே! இங்க வா!"

"அண்ணி, அந்தச் சத்தத்துக்கு நம்ம சத்தம் கேட்குமா?" என்றான் அவசரம்.

"கேட்கும். கேட்காம எப்படி? ஏய்ய்!"

கீழே மருமகள் அவள் சேலை நுனியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு முனகினாள். அந்த முனகல் கேட்க, வெள்ளைக்காரியின் குரல் இன்னும் ஒரு பிடி ஏறியது. தலைத்துணியை வீசிப் பாறையைக் காட்டினாள், மணலைக் காட்டினாள், கரையைக் காட்டினாள். கப்பல் வந்துகொண்டே இருந்தது. அதன் முன்பக்கம் கிழித்த நுரையின் சத்தம்கூடக் கேட்டது.

பிறகு அந்த எந்திர முழக்கம் சட்டென்று இறங்கியது.

மேல்தளத்தில் ஒருவர் பைனாகுலரைக் கரைப்பக்கம் வைத்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் காற்று புதருக்குள் புகுந்தது போலிருக்கிறது. மூன்றாவது வெள்ளை ஒரு ஓரத்தைத் தூக்கி அசைத்தது. தூண் அசையுமா? கப்பலின் பின்னால் கடல் பொங்கிக் கொதித்தது. அத்தனை பெரிய உடம்பு முக்கி முனகி, நின்று, பின்வாங்கி, மூக்கை மெதுவாகத் திருப்பியது. திரும்பித் திரும்பி, படகைப் பார்த்து, ஒரு பிள்ளை கைநீட்டின இடத்துக்கு நடந்து வருவதுபோல வந்தது.

"இப்ப விலகு" என்றாள் அவள். அவசரம் அதற்கு முன்பே விலகியிருந்தான்.

நங்கூரம் விழுந்தது. வீட்டு உயரத்துக்கு இருந்தது அது. சங்கிலி போட்ட சத்தத்தில் படகின் பலகை அதிர்ந்தது. அவள் பல் அதிர்ந்தது. துருப்பொடி செம்புகையாகப் பறந்தது. சங்கிலி ஓடியது, ஓடியது, நின்றது. கப்பல் காற்றோடு ஒருமுறை பின்னால் நகர்ந்து பார்த்தது. சங்கிலி விறைத்தது. கப்பல் நின்றுவிட்டது.

வெள்ளைக்காரி குனிந்து தண்ணீருக்குள் பார்த்தாள். அந்தக் கடல் கண்ணாடி மாதிரித் தெளிவு. கலங்கினது கொஞ்சம் கொஞ்சமாக அடங்க, அடியில், ஆழத்தில், நங்கூரம் ஒரு கையை மண்ணுக்குள் புதைத்துச் சாய்ந்து கிடந்தது தெரிந்தது. அதைச் சுற்றி மணல். வெள்ளை மணல். இந்தக் கோடி முதல் அந்தக் கோடிவரை, ஒரு புல் இல்லாமல், ஒரு கறை இல்லாமல் வெள்ளை. அவள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முற்றத்துக்கு யார் வெள்ளையடித்தது? எந்த மட்டையால்? எந்த மழைக்கு முன்னால்? அவளும் அவள் புருஷனும் அவர் அப்பாவும் அவர் தாய்மாமனும் மேலே அடித்ததெல்லாம், கீழே இருக்கிற இந்த வெள்ளைக்கு வழிகாட்டத்தானா?

"அத்தை, என்ன பார்க்கிறீங்க?" என்றாள் மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஒண்ணுமில்லைம்மா. நல்லா இருக்கு."

கப்பலின் சரக்குத் தூக்கும் எந்திரம் ஒரு பலகையை இறக்கியது. நர்சம்மாவையும் மருமகளையும் அதில் சேர்த்துக் கட்டினார்கள். பலகை கிளம்பி வானத்தில் ஏற ஏற, "மூட்டையைத் தூக்குற மாதிரி தூக்குறாங்க அத்தை!" என்று மருமகள் கத்தினாள். மாமியார் அண்ணாந்து பார்த்தபடி கையை நீட்டிக்கொண்டே இருந்தாள், அவள் மேலே ஏறி மறைகிறவரை.

மேலிருந்து கேப்டன் எட்டிப் பார்த்தார். "யாரும்மா அது சத்தம் போட்டது?"

"எங்க அண்ணிங்க! தூணுக்கு வெள்ளையடிக்கிறவங்க!" என்றான் அவசரம். "தலைமுடியை விரிச்சுக் காட்டினாங்களே, பார்த்தீங்களா?"

"முடியெல்லாம் ஒண்ணும் தெரியலை. குரல்தான் எஞ்சினைத் தாண்டி வந்துச்சு. வசவுன்னு மட்டும் புரிஞ்சுது, அதான் நிறுத்தினேன்."

துறைக்குத் திரும்பியபோது மகன் மூட்டையோடு காத்திருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று வெள்ளைச் சட்டையையும் சேர்த்துத் துவைத்துப் போட்டிருக்கிறான். தோளில் இன்னும் ஈரம் தெரிந்தது.

"ஏத்தியாச்சாம்மா? நல்லா இருக்காளா?"

"ஏத்தியாச்சு. போ."

"விரிப்பெல்லாம் துவைச்சுப் போட்டுட்டேன்மா. அந்த மேட்டுல நல்ல வெயில்."

அவசரம் இருமுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான். வெள்ளைக்காரி மகனின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பொண்டாட்டிக்காக முதன்முதலாகத் துணி துவைத்த முகம்.

"ஆமா. நல்லாத் தெரிஞ்சுது" என்றாள். "சீக்கிரம் ஏறு."

அவனைக் கப்பலில் சேர்த்துவிட்டு வந்ததும் அவசரம் தன் வாழ்நாளின் இரண்டாவது அவசரத்தைக் காட்டினான். பொழுது சாய்வதற்குள் கதை கரை முழுக்கப் பரவிவிட்டது. அதற்குள் அவள் மேடேறி விரிப்பை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு, நங்கூரம் ஏறிக் கப்பல் போகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மேகம் விலகி, பெரியவன் தலையில் வெயில் விழுந்தது. "இப்ப வா" என்று அவனைத் திட்டினாள். அதில் காரம் இல்லை.

இரண்டாம் நாள் வயர்லெஸ்காரர் வாசலுக்கே ஓடிவந்தார். பெண் குழந்தை. தாயும் நலம், பிள்ளையும் நலம். வெள்ளைக்காரி தலையை ஆட்டினாள். வாளியை எடுத்துக்கொண்டு கீழே போய், மூன்று நாளுக்கு முன்னால் அடித்த தூணுக்கே மறுபடி வெள்ளையடித்தாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வழக்கமான கப்பலில் அவர்கள் திரும்பி வந்தார்கள். அன்றும் அவள் தலையில் துணி கட்டிக்கொண்டு கரையைச் சுற்றி வந்தாள். முதலில் தன் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வீடுகளுக்குப் போனாள். கடைக்காரர், "அக்கா, உங்க வீட்டு விரிப்பு..." என்று ஆரம்பித்தார். "பல்லை மூடு" என்றாள்.

நங்கூரம் விழுந்தது, சங்கு ஊதியது, படகு போய்த் திரும்பி வந்தது. மருமகள் முன்பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவள் கையில், ஆஸ்பத்திரித் துணியில் தலையோடு காலாகச் சுற்றின பொட்டலம். பால் வெள்ளை.

துறையில் நின்ற வெள்ளைக்காரியின் வாய் தன்னால் திறந்துகொண்டது. "யாரு அது வெள்ளையைப் பிடிச்சுக்கிட்டு வர்றது? மூடு!"

"கப்பல் நின்னாச்சு அத்தை!" என்று படகிலிருந்து அதே சத்தத்தில் பதில் வந்தது. "இனிமே உங்க பேத்தியைக் கூடை போட்டுக் கவிழ்த்தாலும் ஒண்ணுதான்!"

ஊர் சிரித்தது. மகன் தலையைக் குனிந்துகொண்டான்; கப்பலிலேயே யாரோ அவனுக்குச் சொல்லிவிட்டார்கள். படகு துறையைத் தொட்டதும் அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கி, வெடித்த கைகளை நீட்டிப் பிள்ளையை வாங்கினாள். தலைத்துணியை அவிழ்த்து, அந்த வெள்ளைப் பொட்டலத்துக்கு மேலே சுற்றினாள்.

"கப்பல் இன்னும் போகலையே" என்றாள். நரைமுடி வெயிலில் பறந்தது. அதை மறைக்க அவளிடம் வேறு துணி இல்லை.